இருமலுக்குச் சொந்தக்காரர் யார்?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரவாசிகளுக்கு ஓர் எளிய கையேடு

நிலத்துக்குப் பட்டா உண்டு, வீட்டுக்கு வரி ரசீது உண்டு, மாட்டுக்குக்கூடக் காதில் நம்பர் உண்டு. உங்கள் இருமல் மட்டும் புறம்போக்கில் கிடக்கிறது. யாருடைய தூசு, எந்தக் குழாய்த் தண்ணீர், எத்தனை வருஷமாக என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வடக்கே ஓங்கூர் டோல்கேட், தெற்கே தென்பெண்ணை, கிழக்கே மரக்காணம் உப்பளம், மேற்கே செஞ்சி மலை. இந்த எல்லைக்குள் குடியிருப்பவர்கள் தங்கள் நோய்க்குச் சொந்தக்காரரைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ள உதவுவதுதான் இந்தக் கையேட்டின் நோக்கம்.

முன்னனுபவம் தேவையில்லை. நோய் இருந்தால் போதும்.

தேவையான பொருட்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஆதார் ஜெராக்ஸ் ஆறு. எதற்கென்று நீங்கள் கேட்காதீர்கள், அவர்கள் கேட்பார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் இரண்டு. துவைத்த வெள்ளை வேட்டி ஒன்று. பாண்டியில் ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கம் ராத்தங்க இடம் கொடுக்கும் உறவுக்காரர் ஒருவர். திங்கட்கிழமைகள், எத்தனை என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

படி 1: காற்றை அளப்பது

ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்னும் நுண்தூசு, 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை 15 என்று வைத்தது. இந்த இடைவெளியைக் கண்டு கவலைப்பட வேண்டாம். உங்கள் தெருவில் கருவி இல்லாத வரை இரண்டு அளவையும் நீங்கள் தாண்டியதாக யாரும் சொல்ல முடியாது.

தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. சென்னையும் திருச்சியும் பட்டியலில் இருக்கின்றன. நடுவில் இருக்கும் நாம் இல்லை. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடும் வண்டிகளெல்லாம் நம் ஊர் வழியாகத்தான் போகின்றன என்றாலும், புகையை நம் எல்லையில் அடக்கிப் பிடித்துக்கொண்டு போகின்றன என்றுதான் கொள்ள வேண்டும். போகியன்று காற்றைப் பல இடங்களில் அளந்து கணக்கு வெளியிடுவதும் சென்னைக்குத்தான். உங்கள் பழைய டயரின் புகையும் கணக்கில் ஏற வேண்டுமென்றால் டயரைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும்.

நம்மிடம் எண்ணிக்கையே இல்லை என்று யாராவது குறை சொன்னால் நம்பாதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விக்கிரவாண்டி டோல்கேட்டைக் கடந்த வாகனங்கள் எத்தனை ஆயிரம் என்று மறுநாள் பேப்பரில் வந்துவிடும். அந்த வாகனங்கள் விட்டுப்போனதை ரோட்டோரம் வேர்க்கடலையும் நுங்கும் விற்பவர்கள் எத்தனை பேர் உள்ளே இழுத்தார்கள் என்பதற்கு மட்டும் பூத் கிடையாது.

கருவி இல்லாதவர்களுக்கு வேட்டிச் சோதனை இருக்கிறது. வானூர் பக்கம், திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரியும் ஜல்லி மிஷினும் ஓடும் ஊர்களில் காலையில் வெள்ளை வேட்டியைக் கொடியில் போடுங்கள். சாயங்காலம் உதறுங்கள். விழுவதை நோட்டில் எழுதுங்கள். இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள் கிடக்கும் ஊர் அது. அவற்றைச் சுற்றி வேலிபோட்டு, பலகை வைத்து, தேசியக் கல்மரப் பூங்காவாகக் காக்கிறார்கள். மரம் கல்லானால் பாதுகாப்பு உண்டு. நுரையீரல் கல்லானால் என்ன உண்டு என்பதற்கு இன்னும் பலகை வைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: வேட்டியில் தெரிவது பெரிய தூசு. அதை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துத் துப்பிவிடும். கருங்கல்லை உடைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் துகளில் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் தழும்பாகிறது. அந்த நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ். மருந்து இல்லை. தடுக்க வழி உண்டு: துளைபோடும்போதும் உடைக்கும்போதும் தண்ணீர் தெளிப்பது, மிஷினை மூடிவைப்பது. வழி மலிவு என்பதால்தானோ என்னவோ, மதிப்புக் குறைந்துபோயிற்று.

இதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அறிவிக்க வேண்டிய நோய் என்று எழுதிவைத்தார்கள். கண்டுபிடித்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அந்தச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம் இருந்தது. அபராதத்திலிருந்து தப்ப எளிய வழி, கண்டுபிடிக்காமல் இருப்பது. அதற்கு நீங்களும் ஒத்துழைக்கலாம். எக்ஸ்ரேயில் தூசுநோய் பல சமயம் காசநோய் மாதிரியே தெரியும். காசநோய்க்கு நம்பர் உண்டு, நிக்‌ஷய் பதிவு உண்டு, மாதாமாதம் ஊட்டச்சத்துக்குப் பணம்கூட உண்டு. தூசுநோய்க்கு ஒன்றும் இல்லை. எந்த நோய் வேண்டும் என்று கேட்டால் புத்திசாலி எதைச் சொல்வார்?

1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாஸ்ஸினி, நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்கு எழுதினார்: என்ன வேலை செய்கிறாய்? நம் ஓ.பி. சீட்டில் பெயர் கேட்பார்கள், வயது கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். ரமாஸ்ஸினியின் கேள்விக்கு வரிசை இன்னும் நகரவில்லை. ஆகவே யாரும் கேட்காமலே நீங்களாகச் சொல்லுங்கள்: “ஐயா, பன்னெண்டு வருஷமா ஜல்லி மிஷின்ல வேல.” சொல்லியதோடு நிற்காமல், அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்தக் கையேட்டில் உண்மையாகவே பயன்படும் சில வரிகளில் இது ஒன்று. கவனக்குறைவால் இடம்பெற்றுவிட்டது.

படி 2: தண்ணீரை அளப்பது

கேன் தண்ணீர் போடும் தம்பி சட்டைப்பையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார். உங்கள் போர் தண்ணீரில் விட்டால் ஆயிரத்துச் சொச்சம் காட்டும். அவர் கேனில் விட்டால் ஐம்பது காட்டும். நீங்கள் உடனே கேனுக்கு மாறிவிடுவீர்கள். மீட்டர் அளந்தது கரைந்த உப்பைத்தான். கிருமியை அது அளக்காது. மழைத் தண்ணீரில் சாக்கடை கலந்து கொடுத்தாலும் மீட்டர் மெச்சிக்கொள்ளும். கடலோர மரக்காணம், வானூர் பக்கம் நிலத்தடியில் உப்பு ஏறுவது நிஜமான சிக்கல்தான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பேதியில் படுக்கவைப்பது உப்பு அல்ல.

கிருமிக்கு மலிவான சோதனை உண்டு. ஹெச்2எஸ் பாட்டில் என்று சின்னக் குப்பி. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுத்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று விதி. உங்கள் ஊரின் ஐவர் யார் என்று விசாரியுங்கள். பாண்டவர் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த ஐவர் பெயர் தெரிந்தவர் ஊரில் ஒருவர் கிடைத்தாலும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓவர்ஹெட் டேங்க். அதன் மேல் சுத்தம் செய்த தேதியும் அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய தேதியும் பெயிண்டில் எழுதியிருக்கும். இதைச் சரிபார்க்கும் முறை:

“அண்ணே, டேங்க் எப்ப கழுவுனீங்க?”

“அதான் தேதி போட்டிருக்கேம்மா.”

“தேதி எப்ப போட்டீங்கன்னு தெரியுது. கழுவுனது எப்ப?”

இந்த இடத்தில் உரையாடல் பொதுவாக முடிந்துவிடும். குளோரின் இருக்கிறதா என்று அறிய, சுகாதார ஆய்வாளரிடம் குளோரோஸ்கோப் இருக்கும். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். சோதனையைக் கடைக்கோடி வீட்டுக் குழாயில் செய்யச் சொல்லுங்கள். டேங்க் அடியிலேயே செய்தால் எல்லா ஊரும் பாஸ்.

படி 3: வெள்ளத்தை அளப்பது

இதில் நாம் தேர்ந்தவர்கள். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் நின்றது. ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. மழைக்கு அளவு உண்டு, அணைக்கு அளவு உண்டு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில்வே பாலத்தில் அபாயக் கோட்டைத் தண்ணீர் தாண்டியது, ரயில்கள் நின்றன.

பாலத்துக்கு அபாயக் கோடு இருக்கிறது. ஊருக்கு அப்படி ஒரு கோடு கிழித்துப் பாருங்கள்: ஒரு தெருவில் எத்தனை பேருக்குப் பேதி கண்டால் அந்தத் தெருக் குழாய் நிற்க வேண்டும்? 1854இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், காலராவில் செத்தவர்களின் வீடுகளைத் தெருவாரியாகக் குறித்தார். பிராட் தெருக் குழாயைச் சுற்றித்தான் சாவு குவிந்திருந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அவரிடம் கணினி இல்லை, செயலி இல்லை. எந்த வீட்டில் சாவு, அந்த வீடு எங்கே தண்ணீர் பிடித்தது என்ற இரண்டு கேள்விகளை ஒரே ஆள் கேட்டார். நம் நிர்வாகத்தில் இந்த இரண்டு கேள்விகளும் இரண்டு துறைகளைச் சேர்ந்தவை என்பதால் இந்தக் குறுக்குவழி நமக்குக் கைகூடாது.

வெள்ளத்துக்குப் பின் நோய் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகாமுக்கு ஏற்ற மாதிரி காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ முகாம் தண்ணீர் வடியும்போதே வந்து, பிரெட்டும் மாத்திரையும் கொடுத்து, போட்டோ எடுத்து முடித்துவிடும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் சேற்றுத் தண்ணீரில் நடந்த ஒன்று இரண்டு வாரங்களில் தலைகாட்டும். டைபாய்டு மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும். டெங்குவுக்குக் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறந்து வந்து கடிக்க வேண்டும். அதற்குள் நிவாரணக் கணக்கு முடிந்திருக்கும். தாமதமாக வரும் காய்ச்சல் புயலின் காய்ச்சலாக ஏற்கப்படாது. அது வெறும் காய்ச்சல்.

படி 4: வெயிலை அளப்பது

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால் வெயில் கொன்றது என்று எழுத்தில் நிரூபிக்க வேண்டும். வெயில் கையெழுத்துப் போடுவதில்லை. நெஞ்சுவலி, மயக்கம், குடி என்று வேறு பெயர்களில்தான் அது வேலையை முடிக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் அது இன்னும் நிதானமாக வேலை பார்க்கும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டித்தான் வேலை செய்தார்கள்; நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தது. பாத்தியில் நிற்கும் பெண்கள் தண்ணீர் குடிக்கத் தயங்குவார்கள், ஒதுங்க இடமில்லை என்பதால். ஒரு கழிப்பறை கட்டாததன் விலை பத்து வருஷம் கழித்து டயாலிசிஸ் பிரிவில் தெரியும். அப்போது உப்பளத்தின் பேச்சே எழாது. சர்க்கரையா, பிரஷரா என்று கேட்பார்கள்.

படி 5: கணக்கில் ஏறுவது

இதுதான் கையேட்டின் மையப் படி. நம் வட்டாரத்தில் ஒரு நஞ்சு கணக்கில் ஏற மூன்று நிபந்தனைகள்: ஒரே நாளில், ஒரே ஊரில், பலராகச் சாக வேண்டும்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 14 பேரைக் கொன்றது. அதே சமயத்தில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. ஒரே நாளில் அமைச்சர்கள் வந்தார்கள், கைதுகள் நடந்தன, ஆலைக்குரிய ரசாயனம் எந்த வழியாக வந்தது என்று தடம் பிடித்தார்கள். நஞ்சிலிருந்து நோய்க்கும், நோயிலிருந்து சொந்தக்காரருக்கும் கோடு போட நம்மால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை நம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் குடித்தவுடன் காட்டிக்கொடுக்காது. உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மிக் அமிலமாக மாற்றும். பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலியும் கண் மங்கலும் தொடங்கும். கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் முதல் சாவுகளுக்கு வேறு காரணம் சொல்லப்பட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அதே சரக்கை வாங்கிக் குடித்தார்கள். கணக்கு எழுதுவதில் ஏற்படும் சில மணி நேரத் தாமதத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், பதில் அங்கே இருக்கிறது. இந்த ஒரு பத்தியில் கேலி இல்லை.

தனித்தனியாக, பல வருஷத்தில், பல ஊர்களில் சாவதாக இருந்தால் உங்களுக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சாவு நடந்த இடத்தில்தான் பதிவு. திருவக்கரைத் தூசு ஜிப்மரில் உயிரை எடுத்தால் பதிவு புதுச்சேரியில் விழும். தூசு ஒரு மாநிலத்தில், சாவு ஒரு யூனியன் பிரதேசத்தில், நடுவே செக்போஸ்ட். வீட்டிலேயே செத்தால் அந்தச் சிக்கலும் இல்லை: 2020 கணக்கில் நாட்டில் பதிவான சாவுகளில் டாக்டர் காரணம் எழுதியவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதிப் பேர் காரணமில்லாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

படி 6: அலுவலகங்களைச் சுற்றுவது

ஒவ்வொரு அலுவலகத்திலும் கணக்கு சுத்தமாக இருக்கும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். கனிமவளத் துறையில் ஜல்லி ஏற்றிய லாரிக்கு நடைச்சீட்டு உண்டு. தூசுதான் சீட்டில்லாமல் போகிறது. சுகாதாரத் துறையில் 2004இல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் எஸ், பி, எல் படிவங்கள் உண்டு. கிராமச் செவிலியர் எழுதும் எஸ் படிவத்தில் எத்தனை வாரமாக இருமல் என்பதைப் பொறுத்துத் தனித்தனிக் கட்டம்கூட உண்டு. இருமுகிறவர் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். தூசு என்று எழுதினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும், இருமல் என்று எழுதினால் சுகாதாரத் துறைக்குப் போகும். தூசால் இருமல் என்று எழுதிவிடாதீர்கள். அந்த ‘ஆல்’ எந்தத் துறைக்கும் ஒதுக்கப்படவில்லை. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டு மனு போடுங்கள். 30 நாளில் இரண்டு பதில் வரும். குவாரிகள் எத்தனை, எங்கே என்பது ஒன்றில். நெஞ்சு நோயாளிகள் எத்தனை, எந்த ஊர் என்பது இன்னொன்றில். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தால், அப்படி ஒரு பதிவேடு பராமரிக்கப்படவில்லை என்று மூன்றாவது பதிலும் வரும்.

இப்போது அந்த இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002இல் இதே வேலைக்கென்று தனித் திட்டம் தொடங்கியது: காற்று, தண்ணீர்க் கணக்கை ஆஸ்துமா, மாரடைப்புக் கணக்கோடு ஊர்வாரியாகப் பொருத்துவது. உங்களுக்கு ஒரு பின் செலவு.

வாசகர் சந்தேகங்கள்

ஐயா, எங்க ஊர்ல எல்லாருக்கும் இருமல். அப்ப இது பரம்பரை நோயா?
குவாரி மூன்று தலைமுறையாக ஓடினால் அப்படியும் சொல்லலாம்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்?
தேதி, காற்று அடித்த திசை, வெடி போட்ட நேரம், தெருவில் யாருக்கு மூச்சுத்திணறல், என்ன வேலை, எங்கே தண்ணீர் பிடிக்கிறார், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். வாரம் ஒருநாள் உட்கார்ந்தால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். பெரியவர்கள் எழுதினால் கட்சி எது என்று கேட்பார்கள்.

குவாரியில்தான் எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை. எழுதினால் சோறு போய்விடாதா?
இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் கையேடு எழுதுவதில்லை. குவாரியை மூடு என்று எழுத வேண்டாம், தண்ணீர் தெளி என்று எழுதுங்கள். லாரிக்கு முன்னால் படுப்பதைவிட அது சுலபம். தெளிக்கச் செலவாகிறது என்று அவர்கள் சொன்னால், எவ்வளவு என்று கேட்டு அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இத்தனையும் செய்தால் தூசு நின்றுவிடுமா?
நிற்காது. இத்தனை நாளாக உங்கள் ஊரில் தூசால் நோயில்லை என்று யாரும் எழுதித் தரவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. இனி பின் அடித்த தாளுக்குப் பதில் எழுத வேண்டும். அதன் கீழே ஒருவர் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆள் தேடுகிற அன்றைக்கு ஜல்லி மிஷின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அன்றைய தேதியையும் குறித்துவையுங்கள், மறுநாள் நிறுத்திவிடுவார்கள்.